கரண்ட் போனால்தான் மாற்றல்

மார்ச் 4

அன்புள்ள ஆடிட்டர் அம்மாவுக்கு,

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது! தலைமை அலுவலகத்துக்கு. உன் ஆபீசிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. மூன்று வருடமாக நான் போட்ட மனுக்களை யாரோ ஒரு புண்ணியவான் கடைசியில் படித்துவிட்டார். காலையில் உத்தரவைக் கையில் வாங்கியதும் கால் தரையில் பாவவில்லை. நேரே அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். மத்தியானம் டைரக்டர் கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் வந்து அவிழ்த்துவிட்டேன்.

“உங்களை ரிலீவ் பண்ண எனக்கென்ன கசக்குதா? ஏழாவது பரிந்துரை முடியட்டும். மறுநாளே நானே வண்டி வச்சு அனுப்புறேன். அது பாக்கி கிடக்கும்போது உங்களை விட்டுட்டு, ஆடிட்காரங்களுக்கு நானா பதில் சொல்லிட்டு நிக்கறது?” என்கிறார்.

ஏழாவது எதுவென்று உனக்குத் தெரியும், எழுதியவளே நீதான். இருந்தாலும் எழுதுகிறேன், படித்து அனுபவி: ‘மருந்துக் கிடங்கில் தானாக மின்தடை ஏற்படும்போது, தடுப்பூசி மருந்துகள் கெடாமல் காக்கப்படுகின்றனவா என்பது நேரடி நிகழ்வின் மூலம் நிரூபிக்கப்பட வேண்டும். ஒத்திகை ஏற்கப்படாது.’

உங்கள் அலுவலகம் எங்கள் சுகாதார நிறுவனத்துக்குக் கொடுத்த பரிந்துரைகள் ஒன்பது. நான் இங்கே நிர்வாக அலுவலராகச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொன்றாக முடித்து எட்டைத் தீர்த்துவிட்டேன். அதில் ஐந்தாவது என்ன தெரியுமா? கிடங்குக்கு மின் நிலையத்திலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும் என்பது. இழுத்தோம். தங்கமான லைன். அன்றிலிருந்து கிடங்கில் கரண்ட் போகவே இல்லை. ஐந்தாவதை ஒழுங்காகச் செய்த பாவத்துக்கு ஏழாவது என் கழுத்தில் தொங்குகிறது.

தலைமை அலுவலகத்தில் அந்த நாற்காலியை வருடக் கடைசி வரைதான் காலியாக வைத்திருப்பார்களாம். அதற்குள் இங்கே கரண்ட் போக வேண்டும். போகாவிட்டால் நாற்காலி வேறு ஆளுக்கு, எனக்கு இன்னும் மூன்று வருடம் மெஸ் சாப்பாடு.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ சிரிப்பாய், எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். முக்கியமான விஷயத்தைக் கடிதத்தில்தான் பேச வேண்டும், பதில் வருவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று கல்யாணமான புதிதில் நாம் போட்ட ஒப்பந்தம் இன்னும் அமலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன், மகளுக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் எழுத்தாலேயே கட்டிப்போடப்பட்ட
வீட்டுக்காரன்


மார்ச் 12

என்னங்க,

கடிதத்தை ஆபீசிலேயே பிரித்துப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர் மேசையில் சல்லடை மேடம் நிமிர்ந்து பார்த்தார். யார் என்ன கணக்குக் கொடுத்தாலும் சலித்து, கல்லை மட்டும் எடுத்து மேசை மேல் வைப்பார் என்று சொல்லியிருக்கிறேனே, அவர்தான். உங்கள் நிறுவனத்தின் கோப்பும் அவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் அங்கே சேர்ந்த வாரமே, என் வீட்டுக்காரர் அந்த அலுவலகத்தில் இருக்கிறார், இனி அந்தக் கோப்பை நான் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் சிபாரிசு, ஜாடை, குறிப்பு எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அறிக்கையில் அச்சாகி ஊரே படித்த கதையைச் சொல்வதில் மட்டும் தப்பில்லை. நாங்கள் அங்கே தணிக்கைக்கு வந்த அன்று, உங்களுக்கு முன்னால் இருந்தவர் எங்களுக்காக ஒரு ஒத்திகை வைத்தார். மெயினை அணைத்தார்கள். அலாரம் அடித்தது. கையுறை மாட்டிய ஆறு பேர் வரிசையாக ஓடிவந்து மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றினார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே நிஜமாகக் கரண்ட் போனது. அலாரம் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆறு பேரும் பக்கத்து ஹாலில் யாருக்கோ பிரிவு உபசார விழா நடத்திக்கொண்டிருந்தார்கள். மைக் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த நாங்கள்தான் போய்க் கதவைத் தட்டினோம். அந்த மருந்து முழுக்க வீணானது. அதைப் போட்டுக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டிய குழந்தைகளை நினைத்துத்தான் அந்த வரியை எழுதினேன். என் வீட்டுக்காரர் அங்கே போய் மாட்டுவார் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

மாற்றல் செய்தியை மகளிடம் சொன்னேன். “அப்பா வந்தா அந்த அலமாரியில இருக்கற என் பெயிண்ட் டப்பாவெல்லாம் எடுக்கணுமா?” என்று கேட்டாள். எடுக்க வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. உத்தரவின் நகலை மட்டும் அனுப்பி வையுங்கள், சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி


மே 2

அன்புள்ள ஆடிட்டர் அம்மாவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊரில் தினமும் கரண்ட் போகிறது. டைரக்டர் வீட்டில் போகிறது, மெஸ்ஸில் போகிறது, நேற்று மின்வாரிய அலுவலகத்திலேயே போய், அவர்கள் மெழுகுவத்தி வாங்க ஆள் அனுப்பினார்கள். கிடங்கில் மட்டும் ஜெகஜ்ஜோதி. ஊரே விசிறியோடு தெருவில் உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் கிடங்கு வாசலில் எரிகிற பல்பைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மின்வாரிய எஞ்சினியரிடம் போய், “எங்க லைன்ல ஏதாவது கோளாறு வர வாய்ப்பிருக்கா?” என்று கேட்டேன். புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, “கவலையே படாதீங்க சார், நம்ம கையால இழுத்த லைன். பத்து வருஷத்துக்கு அசைக்க முடியாது” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு யோசனை. கோபித்துக்கொள்ளாமல் படி. எங்கள் டிரைவருக்குக் கொஞ்சம் எலக்ட்ரிக் வேலை தெரியும். “சார், ஒரு ஃபியூஸ் தானா போறதுக்கும் நாம போக வைக்கறதுக்கும் அந்த ஃபியூஸுக்கு வித்தியாசம் தெரியுமா?” என்கிறார். யாருக்கும் முன்னாலேயே சொல்லாமல், திடீரென்று ஒரு நாள் போனால் அது ஒத்திகை ஆகாதுதானே? ஆட்களுக்குத் தெரியாது, மருந்துக்குத் தெரியாது. எனக்கும் டிரைவருக்கும் மட்டும் தெரியும். இதை உன்னிடம் ஆடிட்டராகக் கேட்கவில்லை, பெண்டாட்டியாகக் கேட்கிறேன்.

வீட்டுக்காரன்


மே 9

என்னங்க,

பெண்டாட்டியாகப் படித்தேன், அதனால் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆடிட்டராகப் படித்திருந்தால் எழுந்து எதிர் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த ஃபியூஸ் மேல் கை வைத்தீர்கள் என்று தெரிந்தால், நீங்கள் மாற்றலாகி வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். வாசலில் நின்று டிரைவரோடு பேசிக்கொண்டிருங்கள். உண்மையாகவே கரண்ட் போய், உண்மையாகவே யாரும் வராமல் போன ஒரு நாளை என் கண்ணால் பார்த்தவள் நான்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. எனக்கு மட்டும் ஆசையில்லையா? இப்போதெல்லாம் தினமும் காலையில் எங்கே எங்கே மின்தடை என்று பேப்பரில் வரும் பத்தியைப் படிக்கிறேன். உங்கள் ஊர்ப் பெயர் வந்தால் மனசு துள்ளுகிறது. அரசு அதிகாரி ஒருத்தி இன்னொரு ஊரில் கரண்ட் போகாதா என்று ஏங்கும் கேவலத்தை யாரிடம் சொல்வது?

மகள் பெயிண்ட் டப்பாக்களை எடுத்துவிட்டாள். நீங்கள் வந்தே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 18

ஆடிட்டர் அம்மா!

போச்சு! போச்சு! தானாகவே போச்சு! நானோ டிரைவரோ ஒரு விரல்கூட வைக்கவில்லை. சாலை போடுகிறவர்கள் மண் அள்ளும் இயந்திரத்தை வைத்துத் தோண்டியதில், மின்வாரியத்தார் கையால் இழுத்த அந்தத் தங்கமான கேபிள் நறுக்கென்று அறுந்துவிட்டது. அந்த ஆபரேட்டரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லலாமா என்று பார்த்தேன். எஞ்சினியர் அவரைத் திட்டிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு நேரம். மெஸ்ஸில் இலையில் சோறு விழுந்த நேரத்தில் போன் அலறியது. இப்போதெல்லாம் அலாரம் எங்கள் நான்கு பேர் போனுக்கும் வரும். நான், மருந்தாளுநர், நர்ஸ் மேற்பார்வையாளர், டிரைவர். கை கழுவாமல் ஓடினேன். ஜெனரேட்டரைத் தட்டினேன், கிளம்பவில்லை. சரி போ என்று கிடங்கைத் திறந்து, ஐஸ் பெட்டிகளை இழுத்துப் போட்டு, மருந்துகளை மாற்ற ஆரம்பித்தேன். மருந்தாளுநர் வந்தார், “சார், நான்...” என்றார். “நீங்க தள்ளுங்க, எனக்கு இடம் தெரியும்” என்றேன். நர்ஸ் மேற்பார்வையாளர் வந்து பார்த்தபோது கடைசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு குப்பிகூட வீணாகவில்லை. வெப்பமானியின் பதிவு, போனில் அலாரம் வந்த பதிவு, எல்லாம் சுத்தம். தலைமுதல் கால்வரை வியர்த்து, சட்டையெல்லாம் சோற்றுக் கறையோடு நின்றேன். டைரக்டர் வந்து கை குலுக்கினார்.

சல்லடை மேடத்துக்கு அறிக்கை அனுப்பியாகிவிட்டது. நேரில் வந்து விசாரிப்பாராம். வரட்டும். எவ்வளவு சலித்தாலும் ஒரு கல் கிடைக்காது. பெட்டியைத் திரும்பக் கட்டிவிட்டேன்.

சீக்கிரமே வந்துவிடப் போகிற
வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 6

உனக்கு,

உன் சல்லடை வந்தார். இரண்டு நாள் இருந்தார். ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். முடிந்தது என்று எழுதவில்லை. நடவடிக்கையில் உள்ளதாம்!

காரணத்தைக் கேள். அப்படியே எழுதியிருக்கிறார்: ‘நான்கு பேருக்கு அழைப்பு சென்றுள்ளது. மூவர் வந்துள்ளனர். பணியை ஒருவரே செய்துள்ளார். கிடங்கின் ஒரே சாவி நிர்வாக அலுவலரின் சட்டைப் பையில் இருந்துள்ளது. ஐஸ் பெட்டிகளில் எந்த மருந்தை எங்கே வைப்பது என்று மற்ற மூவரிடம் கேட்டபோது, சாருக்குத் தெரியும் என்று மூவரும் பதிலளித்தனர். நிறுவனத்தின் ஏற்பாடு நிரூபிக்கப்படவில்லை. ஓர் அலுவலரின் சுறுசுறுப்பு மட்டுமே நிரூபிக்கப்பட்டுள்ளது.’

சுறுசுறுப்பாக இருந்தது குற்றமா? மருந்து தப்பித்ததா இல்லையா? ஒரு குப்பி வீணாகியிருந்தால் என்னைத் தொங்கவிட்டிருப்பார்கள். வீணாகவில்லை, அதற்கும் தொங்கவிடுகிறார்கள். நான் சோற்றில் வைத்த கையோடு ஓடியது எவருக்கும் கணக்கில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். மனுஷனைப் பார்க்க மாட்டீர்கள், நிரூபணத்தைத்தான் பார்ப்பீர்கள்.

எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 13

என்னங்க,

ஆறுதல் எழுதவில்லை.

அவர் எழுதியது சரியா தப்பா என்றும் நான் சொல்லப் போவதில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. நான் நம் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அதில் எனக்கு உரிமை இருக்கிறது.

நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் என்ன நடக்கிறது தெரியுமா? வந்த அன்று ராத்திரி நான் பூட்டிய கதவைத் திறந்து நீங்கள் ஒரு தடவை பூட்டுவீர்கள். நான் அணைத்த கேஸை நீங்கள் ஒரு தடவை திருகிப் பார்ப்பீர்கள். தண்ணீர் மோட்டார் போட எழுந்த மகளை உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஓடுவீர்கள். போன தடவை நீங்கள் கிளம்பிப் போன மறுநாள் தொட்டி நிரம்பி வழிந்தது. “அப்பா இருந்தா அவரே போடுவாரேன்னு மறந்துட்டேன்” என்றாள். மூன்று வருடமாக இந்தக் கதவை நான்தான் பூட்டுகிறேன், எந்தத் திருடனும் வரவில்லை. நீங்கள் அன்பாகத்தான் செய்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு நாளும் நான் என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இதைச் சொன்னால் உங்கள் மனசு கஷ்டப்படும் என்று இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வந்துவிட்டால் அந்தக் கிடங்குக்கு யார் ஓடுவார்கள்? இதை ஆடிட்டராகக் கேட்கவில்லை. உங்களை இங்கே வரச்சொல்லி நச்சரிக்கிற பெண்டாட்டியாகக் கேட்கிறேன். எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். உடம்பு இங்கே இருந்து, காது மட்டும் அந்த ஊர் அலாரத்தில் இருக்கிற ஆள் எனக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கீழே கையெழுத்து இல்லை. இதுவரை அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. அழுதுவிட்டேன், போதுமா?

உங்கள் வீட்டுக்காரி


செப்டம்பர் 20

அன்புள்ள ஆடிட்டர் அம்மாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. கோபம் நாலே நாளில் போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை.

சாவிக்கு மூன்று நகல் எடுத்துவிட்டோம். மருந்தாளுநருக்கு ஒன்று, நர்ஸ் மேற்பார்வையாளருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று. என் சாவியை டைரக்டரின் இழுப்பறையில் போட்டுவிட்டேன். முதல் வாரம் நிமிஷத்துக்கு ஒரு தரம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன். டைரக்டர், “நெஞ்சு வலியா? டாக்டரைக் கூப்பிடவா?” என்று கேட்டார். சுகாதார நிறுவனத்தில் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

மருந்தாளுநர் மற்ற இருவரையும் வைத்துக்கொண்டு, எந்த மருந்து எந்தப் பெட்டி என்று தானே ஒரு முறை வகுத்திருக்கிறார். நான் வைக்கிற முறை இல்லை. என் முறைதான் நல்லது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு வராந்தாவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

அலாரம் போகிற போன் வரிசையிலிருந்து என் எண்ணையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்த அன்று தூக்கமே வரவில்லை. பிறகு ரொம்ப நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபரில் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன். கதவை நீ பூட்டு, மோட்டாரை அவள் போடட்டும். நான் வெறும் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு (கையெழுத்து இருக்கிறது பார்),
உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 17

அன்புள்ள ஆடிட்டர் அம்மாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரர் பாதி காலி செய்துவிட்டார். அது பெரிய விஷயமில்லை. இப்போது நான் எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

ஆபீசுக்குள் நுழைகிறேன். பின்பக்கப் படிக்கட்டில் ஐஸ் பெட்டிகள் எல்லாம் வரிசையாகக் கவிழ்த்து வெயிலில் காய்கின்றன. மருந்தாளுநர் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“ஐஸ் பெட்டி சார்.”

“அது தெரியுது. ஏன் கழுவிக் காய வச்சிருக்கீங்க?”

“ஞாயித்துக்கிழமை கரண்ட் போச்சுல்ல சார்” என்றார். மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

மதியம் இடி விழுந்து மின் நிலையத்தில் ஏதோ வெடித்ததாம். ஆபீஸ் பூட்டியிருந்த நாள். மருந்தாளுநர் கோயிலிலிருந்து வந்திருக்கிறார், நர்ஸ் மேற்பார்வையாளர் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்திருக்கிறார், டிரைவர் வரும் வழியிலேயே மீன் கடையில் சொல்லிவைத்து ஐஸ் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஜூலையில் பழுதுபார்க்க அனுப்பிய ஜெனரேட்டர் இன்னும் திரும்பி வரவில்லை. மூன்று பேரும் மாற்றி முடித்து, கரண்ட் வந்ததும் திரும்ப வைத்து, பதிவு எழுதி, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு குப்பி வீணாகவில்லை. வெப்பமானி காட்டுகிற பதிவைப் பார்த்தால் நான் ஜூலையில் செய்ததைவிட சீக்கிரம். அதற்குத்தான் மூன்று பேர்!

“எனக்கு ஏன் சொல்லல?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“லீவுல இருந்தீங்களே சார். சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றார். குத்திக் காட்டவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னார்.

அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாயிறு மதியம். கூடத்தில் பாயைப் போட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்கினேன். மகள் என் காலில் நீலப் பெயிண்ட் அடித்தாளே, அந்த நேரம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஏழு மாதமாக வேண்டிக்கொண்டது நடந்திருக்கிறது, அதுவும் இவ்வளவு சுத்தமாக. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோது என்னவோ போல் ஆகிவிட்டது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. எட்டுப் பரிந்துரையை முடித்தவன் நான். ஒன்பதிலும் முக்கியமானது நான் குறட்டை விடும்போது முடிந்திருக்கிறது.

வீட்டுக்காரன்


அக்டோபர் 24

என்னங்க,

சிரிக்கக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் மறுபடி படித்தேன். நீலக்கால் வந்த இடத்தில் முடியவில்லை. நீங்கள் அந்தக் காலோடுதான் ஆபீஸ் படியேறியிருக்கிறீர்கள், இல்லையா? எவ்வளவு தேய்த்தும் போகவில்லையே!

கோப்பைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை எதிர் மேசையில் பார்த்தேன் என்றுகூட எழுதவில்லை. சல்லடை மேடம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தார் என்று நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை.

நீங்கள் எழுதிய அந்த ‘என்னவோ போல்’ எனக்குப் புரிகிறது. நீங்கள் முதன்முதலில் அந்த ஊருக்குப் போனபோது, நீங்கள் இல்லாமல் இந்த வீடு எப்படி நடக்கும் என்று பயந்தேன். ஆறு மாதம் கழித்து ஒருநாள் பார்த்தால், நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கும் அதே மாதிரிதான் இருந்தது. பெருமையும் துக்கமும் சேர்ந்து வந்தன.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், நேரில் சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். கதவைப் பூட்ட எனக்கு ஆள் வேண்டாம். மோட்டார் போட ஆள் வேண்டாம். நீங்கள் இல்லாமலே இந்த வீடு நன்றாக நடக்கிறது. அப்படியும் நீங்கள் வேண்டும். எதற்கும் பயன்படாமல் கூடத்தில் குறட்டை விடுகிற அந்த ஆள்தான் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள் எனக்கு வாய்க்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி


நவம்பர் 28

அன்புள்ள ஆடிட்டர் அம்மாவுக்கு,

சல்லடை மேடம் மறுபடி வந்தார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டார். கதவு லேசாகத் திறந்திருந்தது. மருந்து உறைந்து கெடாமலிருக்க ஐஸ் கட்டியை எவ்வளவு நேரம் வெளியே வைத்துவிட்டுப் பெட்டியில் போட வேண்டும் என்ற கேள்விக்கு டிரைவர் தடுமாறினார். எனக்குப் பதில் தெரியும். பாதி எழுந்துவிட்டேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தது போல இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் தானே யோசித்துச் சரியாகச் சொன்னார்.

‘நிறைவேறியது.’ அவர் கையெழுத்தோடு வந்துவிட்டது. கிளம்பும்போது என்னிடம் வந்து, “இந்தத் தடவை அறிக்கையில உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்ல” என்றார். “தெரியும் மேடம்” என்றேன். “நல்லா வேலை பார்த்திருக்கீங்க” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டைரக்டர் சொன்னபடி மறுநாளே விடுவித்துவிட்டார். வண்டி வைத்து அனுப்புகிறேன் என்றாரே, அந்த வண்டி தடுப்பூசி கொண்டு போய்விட்டது. பஸ்ஸில்தான் வருகிறேன். பெட்டியைக் கட்டிவிட்டேன், இந்தத் தடவை அவிழ்க்கப் போவதில்லை. போன் செய்யவில்லை. நான் வருவது உனக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்கேயே தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். இந்த ஊர் தபாலின் வேகத்துக்கு, இது வந்து சேரும்போது நான் வந்து நாலு நாள் ஆகியிருக்கும். தபால்காரர் கூப்பிட்டால் கதவைத் திறந்து வாங்கப்போவது நான்தான். அப்புறம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் பாக்கி இருக்கிறது. நேரில் எனக்கு வாய் வராது, வந்தாலும் கேஸ் மூடியிருக்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

எனக்கும் நீ வேண்டும். இந்த மூன்று வருடமும் ஓடிக்கொண்டே இருந்தது, நின்றால் உன் நினைவு வரும் என்பதால்தான். இப்போது ஓட ஒன்றும் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, ரொம்ப சந்தோஷமாகவும் இருக்கிறது.

கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விடுவேன். மெதுவாகப் படி. படித்து முடித்ததும் கூப்பிடு. போன் வேண்டாம், கீழேயிருந்து ஒரு குரல் கொடு. கேட்கும்.

உன் வீட்டுக்காரன்